திருமண நாளின் நேர அட்டவணை: புகைப்படத்தையும் கணக்கில் சேர்த்துத் திட்டமிடும் முறை

மதுரைப் பக்கத்துத் திருமணங்களில் படமெடுப்பதைப் பற்றி எழுகிற குறைகள் பெரும்பாலும் கேமராவைப் பற்றியவை அல்ல, நேரத்தைப் பற்றியவை. பாட்டியோடு ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பதும், சபையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தாலி கட்டியது தெரியவேயில்லை என்பதும், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணமக்களைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார்கள் என்பதும் ஒரே காரணத்தால் வருபவை. படமெடுப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்காதபோது, அந்த நேரம் சடங்கிலிருந்து எடுக்கப்படுகிறது. சடங்குக்கு முன்னும் பின்னும் போதிய இடைவெளி விட்டு அட்டவணை வகுத்துவிட்டால், சடங்கின் நடுவே எதையும் நிறுத்த வேண்டிய தேவையே எழாது. மகளுக்கோ தம்பிக்கோ முதன்முறையாகத் திருமணப் பொறுப்பை ஏற்று நடத்துபவர்கள், அந்த அட்டவணையை எந்த வரிசையில் யோசித்து எழுத வேண்டும் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: தாலி கட்டும் நேரத்தைக் கேட்டு அறிதல்

பத்திரிகையில் "காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்" என்று அச்சாகியிருக்கும். அது முழுதாக ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் தாலி ஏறுவது எப்போது என்பது ஐயருக்குத்தான் தெரியும். எனவே புகைப்படக்காரரிடம் பேசுவதற்கு முன்பே ஐயரிடம் பேசுங்கள். மணமகன் எத்தனை மணிக்கு மணவறைக்கு வர வேண்டும், மணமகள் எப்போது வர வேண்டும், கூறைப்புடவை கொடுத்த பின் மாற்றி வருவதற்கு எவ்வளவு நேரம் தருவார், தாய்மாமன் சீர் மணவறையிலேயே நடக்குமா அதற்கு முன்பா, தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோவது உண்டா, உண்டென்றால் அது திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சடங்குகளின் வரிசை சமூகத்துக்குச் சமூகம், ஊருக்கு ஊர் மாறும். அதனால் வேறொரு வீட்டுத் திருமணத்தின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெண் வீட்டு வழக்கமும் மாப்பிள்ளை வீட்டு வழக்கமும் வேறுபடுகிற இடங்களில், எது நடக்கும் எது நடக்காது என்பதை இரு வீட்டுப் பெரியவர்களும் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். மணவறையில் அந்தப் பேச்சு தொடங்கினால் மற்ற எல்லாமே தள்ளிப்போகும்.

1967-இன் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டில் சட்ட ஏற்புப் பெற்ற சுயமரியாதை முறையில் திருமணம் நடத்துவோருக்கு ஐயர் இல்லை. ஆனால் வாழ்த்துரை வழங்குவோர் உண்டு. யார் யார் பேசுவார்கள், தாலியோ மாலையோ வாழ்த்துரைகளுக்கு முன்பா பின்பா என்பதைத் தலைமை ஏற்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்தவ ஆலயத் திருமணத்தில் திருப்பலியின் எந்தப் பகுதிகளில் கேமரா பீடத்துக்கு அருகே வரலாம் என்பதைப் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டும். நிக்காஹ்வில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்வது வழக்கமாக இருப்பதால், பெண்கள் பகுதிக்குப் பெண் புகைப்படக்காரர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது முறை. இவற்றுக்கும் இனி சொல்லப்போகும் கணக்கு அப்படியே பொருந்தும்.

இரண்டாம் படி: கிழமையையும் சூரியனையும் பார்த்தல்

நல்ல நேரம் பார்ப்பது வீட்டுப் பெரியவர்களின் வேலை என்று இளையவர்கள் ஒதுங்கிவிடுவதுண்டு. அட்டவணை எழுதுபவர் ராகு காலமும் எமகண்டமும் தெரியாமல் எழுதினால், அன்றைய தினம் அந்தத் தாள் பயன்படாமல் போகும். ஞாயிற்றுக்கிழமைத் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். எமகண்டம் பகல் 12.00 முதல் 1.30 வரை, ராகு காலம் மாலை 4.30 முதல் 6.00 வரை. மணமக்கள் மறுவீட்டுக்குப் புறப்படுவதைப் பகல் 12.15 என்று எழுதினால் எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், 11.30-க்குள் படியிறங்கியாக வேண்டும். மாலை வெயில் தணிந்த பின் வெளியே போய்ப் படமெடுக்கலாம் என்று 5 மணியைக் குறித்தாலும் இதே கதைதான். 4.30-க்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும், அல்லது ஆறு மணிக்குப் பின் கிடைக்கிற சொற்ப வெளிச்சத்தோடு நிற்க வேண்டும். திங்கட்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9.00 வரை என்பதால் முகூர்த்தம் பெரும்பாலும் அதற்கு முன்போ பின்போ அமையும். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12.00 வரை. இவற்றை அட்டவணையின் ஓரத்திலேயே எழுதிவைத்துவிட்டால், அந்த நேரங்களில் புறப்பாடும் புதுத் தொடக்கமும் வராமல், பந்தி, ஓய்வு, மேடைப் படங்கள் போன்றவை மட்டும் வரும்படி அமைக்கலாம்.

சூரியனுக்கும் ஒரு கணக்கு உண்டு. மதுரையில் தை மாதத்தில் சூரியன் எழ ஏறத்தாழ 6.40 ஆகிவிடும், வைகாசியில் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும். ஆகவே 6.00–7.30 முகூர்த்தம் என்பது வைகாசியில் பகல் வெளிச்சத்தில் நடக்கும் திருமணம், தையில் பாதி இருட்டில் தொடங்கும் திருமணம். மண்டபத்துக்குள் இது பெரிதாகத் தெரியாது. வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடத்தும் கிராமத்துத் திருமணங்களில் நன்றாகவே தெரியும். மணமக்களைக் கிழக்கு நோக்கி உட்கார வைப்பது வழக்கம் என்பதால், எட்டு மணி வெயில் நேராக முகத்தில் விழுந்து இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். பந்தல்காரரிடம் சொல்லிக் கிழக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிடச் செய்தால் அந்த வெயிலே மென்மையான வெளிச்சமாக மாறிவிடும். வண்ணத் துணி கூடாது; அதன் நிறம் முழுவதும் முகத்தில் படியும்.

மாலையில் சூரியன் மறைவது கார்த்திகை வாக்கில் ஆறு மணிக்குச் சற்று முன், வைகாசி ஆனியில் 6.35-ஐ ஒட்டி. ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் மழையையும் எதிர்பார்த்தே வெளிப்புறப் படங்களைத் திட்டமிட வேண்டும்.

மூன்றாம் படி: பின்னோக்கி எண்ணுதல்

அட்டவணையை அதிகாலையிலிருந்து முன்னோக்கி எழுதுவது பலரும் செய்வது. அப்படி எழுதினால் ஒவ்வொரு வேலைக்கும் நம் விருப்பப்படி நேரம் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் முகூர்த்தத்தில் முட்டிக்கொள்வோம். தாலி கட்டும் நேரத்தை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கிப் போவதே சரியான முறை. வைகாசி மாதத்து ஞாயிறு, முகூர்த்தம் 7.30–9.00, தாலி கட்டுவது 8.15 என்று ஐயர் சொல்லியிருப்பதாக வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

தாலி 8.15 என்றால் மணமகள் கூறைப்புடவை கட்டிக்கொண்டு மணவறைக்குத் திரும்புவது 8.00. புடவை மாற்ற 20 முதல் 25 நிமிடம் வேண்டும். எனவே கூறைப்புடவையை அவர் கையில் வாங்குவது 7.35. அதற்கு முன் மணவறையில் அவர் உட்கார்ந்து செய்யும் சடங்குகளுக்கு 20 நிமிடம். ஆக, முதல் முறை மேடைக்கு வருவது 7.15. மேடைக்கு வருவதற்கு முன் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களோடு எடுக்கும் படங்களுக்குக் கால் மணி நேரமும், மணமகளைத் தனியாக எடுக்க அரை மணி நேரமும், தாமதத்துக்கென்று கைவசம் கால் மணி நேரமும் தேவை. ஆகவே அலங்காரம் 6.15-க்கு முடிந்திருக்க வேண்டும், ஜன்னலோர வெளிச்சமும் அப்போது வந்திருக்கும். முகம், தலை, ஜடை, புடவை, நகை எல்லாவற்றுக்குமாக இரண்டரை மணி நேரம் வைத்தால், அழகுக்கலைஞர் வேலையைத் தொடங்குவது 3.45. குளித்துத் தலை காயவைக்க அதற்கும் முன் அரை மணி நேரம். மணமகள் எழுந்திருப்பது மூன்றேகால்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவுடன் முதல் நாள் இரவைப் பற்றிய கவலை வந்துவிட வேண்டும். மூன்றேகாலுக்கு எழ வேண்டிய பெண் இரவு பன்னிரண்டு மணிவரை வரவேற்பு மேடையில் நின்றால், மறுநாள் எவ்வளவு தேர்ந்த கலைஞராலும் அந்தக் கண்களின் சோர்வை மறைக்க முடியாது. தென் மாவட்டங்களில் வரவேற்பை முதல் நாள் மாலையே வைப்பது பரவலாக இருப்பதால், திருமண நாள் அட்டவணை உண்மையில் முதல் நாள் மாலையிலேயே தொடங்குகிறது. வரவேற்பை 6.30-க்குத் தொடங்கி 9.30-க்கு முடிப்பது என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 180 நிமிடம். 150 குடும்பங்கள் மேடையேறி, பரிசு கொடுத்து, நின்று படமெடுத்து இறங்க ஒரு குடும்பத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் இரண்டரை மணி நேரம் போய்விடும். மணமக்களின் நுழைவுக்குப் புகை, வாணவேடிக்கை, நடனம் என்று முக்கால் மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் வரிசையில் நிற்கும் வயதானவர்களைக் காக்க வைப்பதை நான் ஏற்பதில்லை. நுழைவைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மேடைக்கு ஒரு பக்கத்தில் ஏறி மறு பக்கத்தில் இறங்கும்படி படிகளை அமைக்கச் சொல்லுங்கள். பரிசுப் பொருளை வாங்கி வைக்க இருவரை நிறுத்துங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் வரிசை தானாக நகரும்.

மணமகனுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். ஆனால் அவரை அனைவரும் மறந்துவிடுவதும் உண்மை. மணமகள் அலங்காரத்தில் இருக்கும் 5.30 முதல் 6.15 வரையுள்ள நேரம் மணமகனுக்கும் அவருடைய வீட்டாருக்கும் உரியது என்று அட்டவணையில் பெயரிட்டு எழுதிவிடுங்கள். மணமகள் புடவை மாற்றப் போயிருக்கும் 25 நிமிடமும் அப்படிப்பட்டதே. மேடை காலியாக இருக்கிறதென்று புகைப்படக்காரர்கள் கீழே இறங்கிவிடாமல், மணவறையில் தனியாக அமர்ந்திருக்கும் மாப்பிள்ளையையும் சபையில் இருக்கும் பெரியவர்களையும் எடுக்கக் கிடைக்கிற நேரம் அது.

பூவுக்கும் இந்தக் கணக்கில் இடமுண்டு. மதுரை மல்லிகை மாலையில் விரிகிற பூ. முதல் நாள் வாங்கிய மொட்டு சாதாரணமாக வைத்திருந்தால் இரவிலேயே விரிந்து, விடிந்த பின் எடுக்கும் படத்தில் ஓரம் பழுத்துத் தெரியும். வரவேற்புக்கான பூவும் முகூர்த்தத்துக்கான பூவும் வேறு வேறு என்று பூக்காரரிடம் சொல்லி, முகூர்த்தப் பூவைப் பனிக்கட்டிப் பெட்டியில் மொட்டாகவே வைத்திருந்து விடியலில் கொண்டுவரச் சொல்ல வேண்டும். மார்கழி, தையில் பனியால் மல்லிகை வரத்துக் குறைந்து, முகூர்த்த நாட்களில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை கடுமையாக ஏறும். முன்பணம் கொடுத்து உறுதி செய்யாவிட்டால் ஜடை கடைசி நேரத்தில் தாமதமாகும், அதன் பின்னே மற்றவையும் தாமதமாகும். மாலையைப் பற்றியும் ஒரு சொல். கனமான, அகன்ற மாலை கழுத்தில் இருந்தால் தாலி ஏறுவது எந்தக் கேமராவுக்கும் தெரியாது. முகூர்த்த மாலை மட்டுமாவது மெல்லியதாக இருக்கட்டும்.

நான்காம் படி: இரு வீட்டுப் புகைப்படக்காரர்களையும் ஒன்றாக உட்கார வைத்தல்

பெண் வீட்டார் ஒரு குழுவையும் மாப்பிள்ளை வீட்டார் வேறொரு குழுவையும் அமர்த்துவது இங்கே சாதாரணம். ஒவ்வொரு குழுவிலும் மேடைப் படத்துக்கு ஒருவர், இயல்பான தருணங்களை (கேண்டிட்) எடுக்க ஒருவர், வீடியோவுக்கு இருவர் என்றால் எட்டுப் பேர் மணவறையைச் சூழ்ந்து நிற்பார்கள். வாழ்த்த வந்தவர்கள் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். இதைத் தவிர்க்கத் திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பாவது இரு குழுவினரையும் மண்டபத்துக்கே வரச் சொல்லி, யார் எங்கே நிற்பது என்பதைப் பேசி முடியுங்கள். மணவறையின் நேர் முன்புறம் சபைக்கு உரியது, அங்கே எவரும் நின்று மறைக்கக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்லிவிடலாம். இரு ஓரங்களிலும் ஒவ்வொருவர். முன்புறத்தில் தேவைப்பட்டால் ஒருவர் மட்டும் தரையில் உட்கார்ந்தபடி. மற்றொருவர் சபையின் பின்னால் உயரமான பலகையில் நின்று தொலைவு லென்ஸில் எடுப்பது. இவ்வளவு போதும். ஒரு குழு எடுத்த படங்களை மறு குழுவுக்கும் பகிர்ந்துகொள்வது என்று முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், ஒரே காட்சிக்காக இருவர் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

தாலி கட்டும் தருணத்தைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். கெட்டிமேளம் எழுந்து, மூன்று முடிச்சும் விழுந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் எல்லாக் கேமராக்களும் தாலியையே நோக்கிக்கொண்டிருக்கும். ஒன்றையாவது பெண்ணைப் பெற்றவர்களின் முகத்தின்மேல் வைக்கச் சொல்லுங்கள். பல வருடம் கழித்து அந்த ஆல்பத்தைத் திறக்கிறவர்கள் தேடிப் பார்ப்பது அந்த முகங்களைத்தான் என்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்று முடிச்சுப் போடுகிற நாத்தனாரின் கையும் ஒரு கேமராவுக்கு உரியது. ஜடையைச் சற்று விலக்கிப் பிடிக்க ஒருவரை முன்பே சொல்லி நிறுத்தினால் அதுவும் தெளிவாகக் கிடைக்கும். உறவினர்கள் கைபேசியை உயர்த்திக்கொண்டு முன்னே வருவதைத் தடுப்பது புகைப்படக்காரரால் ஆகாது. இரு வீட்டிலும் சொன்னால் கேட்கிற ஒரு பெரியப்பாவோ மாமாவோ ஒலிபெருக்கியில் முன்கூட்டியே ஒருமுறை வேண்டிக்கொண்டால் பெரும்பாலோர் உட்கார்ந்துவிடுவார்கள்.

மண்டபத்தின் விளக்குகளையும் அதே சந்திப்பில் பார்த்துவிடுங்கள். வரவேற்புக்கு ஊதா, இளஞ்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் எரியலாம். முகூர்த்தத்தின்போது அவை எரிந்தால் மஞ்சள் பூசிய முகமும் பட்டின் நிறமும் மாறிவிடும், பிறகு கணினியில் சரிசெய்வதும் கடினம். முகூர்த்த நேரத்தில் ஒரே வகையான வெள்ளை விளக்கு மட்டுமே எரிய வேண்டும் என்று அலங்காரக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 முறை மினுங்கும். அது வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்து அங்கேயே ஒரு நிமிடம் பதிவு செய்து பார்க்கச் சொல்வது நல்லது. மின்தடை வந்தால் ஜெனரேட்டரை இயக்குபவர் தாலி கட்டும் நேரத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ட்ரோன் வேண்டுமென்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ட்ரோன் விதிகள், 2021-இன்படி விமான நிலையங்களைச் சுற்றிப் பறக்கவிடுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில்கூட 200 அடிக்கு மேல் அனுமதி பெற்றே பறக்க முடியும், அதைவிட அருகில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அவனியாபுரம், வில்லாபுரம், திருப்பரங்குன்றம் பக்கத்து மண்டபங்கள் எல்லாம் மதுரை விமான நிலையத்துக்கு அருகில் உள்ளவை. ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் அட்டவணையில் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: குழுப்படங்களின் பட்டியல்

யார் யாரோடு படம் வேண்டும் என்பதை இரு வீட்டாரும் தனித்தனியே எழுத வேண்டும். ஒரு குழுவை அழைத்து, வரிசையாக நிறுத்தி, எடுத்து முடிக்க மூன்று நிமிடம் ஆகும். இருபது குழு என்றால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் எழுதினால் மணமக்கள் காலை உணவைப் பதினொரு மணிக்குத்தான் பார்ப்பார்கள். எனவே பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். தாத்தா, பாட்டி, நடக்க முடியாதவர்கள், வெளியூருக்கு உடனே திரும்ப வேண்டியவர்கள் ஆகியோரின் படங்களை முதல் நாள் மாலை வரவேற்பு தொடங்குவதற்கு முன்பே, 6.00 முதல் 6.30 வரை எடுத்துவிட வேண்டும். மேடையேற முடியாத பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, மணமக்கள் கீழே இறங்கி வந்து அவர் பக்கத்தில் நிற்பது எவ்வளவோ நல்லது. மற்றவர்களுக்கு மறுநாள் 9.00 முதல் 10.00 வரை.

தாய்மாமன் குடும்பத்தை எக்காரணம் கொண்டும் கூட்டத்தோடு கூட்டமாக விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்பது மேளதாளத்தோடு, தட்டுகள் வரிசையாக வர, பத்து முப்பது பேர் சேர்ந்து நடந்து வருகிற நிகழ்ச்சி. அது மண்டப வாசலை அடையும்போது ஒரு புகைப்படக்காரரும் ஒரு வீடியோக்காரரும் அங்கே இருக்க வேண்டும்; சீர் இறக்கிய பின் மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் மணமகளோடு நிற்கும் படம் பட்டியலின் முதல் ஐந்துக்குள் வர வேண்டும். இதில் ஏற்படும் குறையை உறவுக்காரர்கள் எளிதில் மறப்பதில்லை, மறக்கச் சொல்வதும் நியாயமில்லை.

பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. எந்தச் சித்தப்பா யார் என்று புகைப்படக்காரருக்குத் தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் உறவு முறைகளெல்லாம் தெரிந்த, குரல் எழுப்பி அழைக்கக்கூடிய ஒருவரை இதற்கென்றே நியமியுங்கள். அவருக்கு வேறு எந்தப் பொறுப்பும் கொடுக்கக் கூடாது. மொய் எழுதும் மேசையிலோ பந்தி விசாரிப்பிலோ அவரை உட்கார வைத்தால் குழுப்படங்கள் நின்றுபோகும். படமெடுப்பவர்கள் எந்தப் பந்தியில் சாப்பிடுவார்கள் என்பதையும் இந்த இடத்திலேயே எழுதுங்கள். வரவேற்பு இரவில் 6 மணிக்கு முன்பும், முகூர்த்த நாளில் காலை 5 மணிக்குக் காபியோடும், அக்னி வலம், மெட்டி, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல் எல்லாம் முடிந்து 8.50 வாக்கில் பாதிப் பேருமாக அவர்கள் சாப்பிட்டுவிட்டால், மணமக்கள் முதன்முதலாகச் சேர்ந்து இலையில் உட்காரும்போது ஆள் இல்லை என்ற நிலை வராது.

ஆறாம் படி: கோயிலும் வெளிப்புறமும்

திருமணம் முடிந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போக விரும்பாதவர்கள் மதுரையில் குறைவு. உள்ளே கேமராவுக்கும் கைபேசிக்கும் அனுமதி இல்லை. எனவே அதைத் தரிசனத்துக்கான நேரமாக மட்டும் எழுதுங்கள். புகைப்படக்காரர்களுக்கு அப்போது ஓய்வு கொடுங்கள். பகலில் நடை சாத்தியிருக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோபுரம் பின்னணியில் தெரியும்படி வெளியே ஒரு படம் வேண்டுமென்றால், கிழக்குக் கோபுரத்தின்மேல் வெயில் விழுவது காலையில். மாலையில் அது நிழலாகிவிடும், அப்போது மேற்குப் பக்கமே ஏற்றது. சித்திரை வீதிகளில் வாகனம் செல்லாது என்பதால் பட்டுப்புடவையோடு நடக்க வேண்டிய தூரத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

திருப்பரங்குன்றம் முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் முகூர்த்த நாட்களில் அங்கே பல ஜோடிகளுக்குத் திருமணம் நடக்கும். அங்கே தாலி கட்டிவிட்டு மண்டபத்துக்கு வருவதாக இருந்தால், கூட்டத்தில் காத்திருக்கும் நேரமாக முக்கால் மணியைத் தனியாகச் சேர்க்க வேண்டும்; படமெடுக்க எங்கே அனுமதி உண்டு என்பதைக் கோயில் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் திருமணம் வைத்தால் கணக்கே மாறிவிடும். திருக்கல்யாணத்தன்றும் தேரோட்டத்தன்றும் மாசி வீதிகளைச் சுற்றியும், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகையின் இரு கரைகளிலும் போக்குவரத்து மாற்றப்படும். மண்டபம் ஆற்றுக்கு ஒரு கரையிலும் வீடு மறு கரையிலும் இருந்தால், அந்த நாட்களில் மணமக்களும் புகைப்படக்காரர்களும் மண்டபத்திலேயே தங்கிவிடுவது ஒன்றே வழி.

திருமண நாளின் மாலையிலேயே வெளிப்புறப் படம் எடுப்பதை, குறிப்பாகச் சித்திரை, வைகாசியில், நான் பரிந்துரைப்பதில்லை. மூன்றேகாலுக்கு எழுந்த இருவரைக் கத்திரி வெயில் தணியாத மாலையில் மறுபடியும் பட்டு உடுத்தி நிறுத்துவது அவர்களுக்குச் செய்யும் துன்பம். மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, விடியற்காலையில் கீழக்குயில்குடிச் சமணர் மலையடிவாரத்தின் தாமரைக் குளத்துப் பக்கமோ, வண்டியூர்த் தெப்பக்குளக் கரையிலோ எட்டு மணிக்குள் எடுத்து முடித்துவிடலாம். திருமலை நாயக்கர் அரண்மனை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் தொழில்முறைக் கேமராவுக்கு முன்அனுமதியும் கட்டணமும் தேவைப்படும். அதற்கான விண்ணப்பத்தைத் திருமண வேலைகள் தொடங்கும்போதே புகைப்படக்காரரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: தாளில் எழுதி ஒப்படைத்தல்

எழுதி முடித்த அட்டவணையை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் நேரம், நிகழ்ச்சி, இடம், அங்கே இருக்க வேண்டிய புகைப்படக்காரரின் பெயர் ஆகிய நான்கும் இருக்கட்டும். மணமகள் அறை, மணமகன் அறை, சமையற்கூடம், மேளக்காரர்கள் உட்காரும் இடம் ஆகியவற்றில் ஒட்டிவிட்டு, வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ஐயருக்கு ஒரு பிரதி கையில் கொடுத்து, அவர் மாற்றச் சொல்வதை மாற்றிய பிறகே மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு இடங்களில், அதாவது அலங்காரம் முடிந்து மேடையேறுவதற்கு முன்பும், மறுவீட்டுக்குப் புறப்படுவதற்கு முன்பும், எதுவும் எழுதாத பதினைந்து நிமிடம் இருக்கட்டும். எங்கே தாமதமானாலும் அது இந்த இடைவெளிகளில் அடங்கிவிடும்.

பெரும்பாலான மண்டபங்களைத் திருமண நாள் பிற்பகலுக்குள் காலி செய்து கொடுக்க வேண்டியிருக்கும். சாமான்களை ஏற்றும் அந்தப் பரபரப்பில் கேமராப் பைகளும் வண்டியில் ஏறிவிடும். அதற்கு முன்பே, இரு குழுவினரும் மெமரி கார்டுகளில் இருப்பதை இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் நகலெடுத்துவிட்டார்களா என்று கேட்டு, ஒரு தட்டைப் பெண் வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகலெடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் அட்டவணையின் கடைசி வரியாக அதையும் எழுதி, மணமகன் அறையில் ஒரு மேசையும் மின்இணைப்பும் அதற்கென்று விட்டு வையுங்கள்.